விழுந்த கையும் படுக்கும் விதமும்



நம் தோட்டப்புறங்களில் ஒருவருக்குத் திடீரென்று ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலற்றுப் போனால், "வாதம் அடித்துவிட்டது" என்கிறோம். "கை கால் விழுந்துவிட்டது" என்றும் சொல்வதுண்டு. வாதம் என்பது காற்று. நம் மலாய் அண்டை வீட்டாரைக் கேட்டால் இந்நோய்க்கு 'அங்கின் அமார்' என்று பெயர் சொல்வார்கள். அங்கின் என்றாலும் காற்றுத்தான். அமார் என்பது சிவப்பைக் குறிக்கும் அரபுச் சொல். ஆக, கடலுக்கு இருபுறமும் வாழ்ந்த மக்கள், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு காற்று மனிதனை ஒரு பக்கமாக வீசித் தள்ளிவிட்டது என்றே எண்ணியிருக்கிறார்கள்.

நோய்க்கு வைக்கும் பெயர், வைத்தியத்தையும் தீர்மானித்துவிடுகிறது. காற்றுப் பிடித்தது என்றால் தேய்த்து எடுக்க வேண்டும். சூடு கொடுக்க வேண்டும். தைலம் வந்தது. ஒற்றடம் வந்தது. புறா இரத்தம் தடவுவதும் வந்தது. எல்லாரும் விழுந்த கையையே பார்த்தார்கள். அந்தக் கைக்கு உரியவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்பதை யாரும் பார்க்கவில்லை. லயத்து வீட்டில், சுவரோரக் கட்டிலில், மல்லாந்தபடி மாதக்கணக்கில் கிடப்பார். கை விலாவை ஒட்டிக் கிடக்கும், அல்லது கட்டிலுக்கு வெளியே தொங்கும். உட்கார வைக்க வேண்டுமானால் ஒருவர் அந்தக் கையையே பிடித்து இழுப்பார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முழங்கை மடங்கி, மணிக்கட்டு கவிழ்ந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி, நகம் வெட்டுவதற்குக்கூடப் பிரிக்க முடியாத நிலை வந்திருக்கும். "நோயின் வேகம் அப்படி" என்று சொல்லிவிடுவோம்.

அந்த இறுக்கத்தில் எவ்வளவு நோயினால் வந்தது, எவ்வளவு கிடந்த கிடையினால் வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே மருத்துவ உலகம் வெகு காலம் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நோயின் இருப்பிடம் கையல்ல, தலை என்பது பழைய கிரேக்க வைத்தியர்களுக்கே ஓரளவு தெரிந்திருந்தது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரெத்தேயுஸ் என்பவர், தலையின் இடப்பக்கம் பழுதுபட்டால் உடலின் வலப்பக்கம் விழும் என்றும், நரம்புகள் குறுக்கே கடந்து செல்வதே அதற்குக் காரணம் என்றும் எழுதி வைத்தார். 1658இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் வெப்பர் என்ற மருத்துவர், இந்நோயால் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு நூலாக வெளியிட்டார். காற்றுமில்லை, பேயுமில்லை, இரத்தக் குழாய் உடைந்ததுதான் காரணம், அல்லது அது அடைபட்டதுதான் காரணம் என்பது பின்னர் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. அடைப்பைக் கரைக்கும் மருந்து பயன்படும் என்பது 1995இல்தான் உறுதியானது. நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் தைலத்தைத் தேட வேண்டாம், 999க்கு அழையுங்கள். இது நம் பேச்சுக்குச் சற்று வெளியே உள்ள செய்திதான். ஆனாலும் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையின் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஷெரிங்டன் என்ற அறிஞர் விலங்குகளின் நரம்புகளை ஆராய்ந்தார். மூளையின் மேற்பகுதியிலிருந்து வரும் கட்டளை அறுந்து போனால் உடல் வெறுமனே தளர்ந்து விழுந்துவிடுவதில்லை. கீழ்ப்பகுதி தன் போக்கில் உடலை விறைப்பாக்குகிறது என்று 1898இல் காட்டினார். மண்டோர் இல்லாத நிரையில் வேலை நின்றுபோவதில்லை, ஆளுக்கொரு விதமாக நடக்கிறது அல்லவா, அதைப்போல. பிற்பாடு 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ருடால்ப் மாக்னுஸ். ஜெர்மானியரான இவர் ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் பேராசிரியராக இருந்தார். 1912ஆம் ஆண்டு முதல் தம் தோழர் டி கிளைனுடன் சேர்ந்து ஒரு விந்தையைக் கண்டறிந்தார். மூளையின் மேற்பகுதி துண்டிக்கப்பட்ட விலங்கின் தலையை ஒரு பக்கம் திருப்பினால், முகம் பார்க்கும் பக்கத்துக் கால்கள் நீளுகின்றன. பிடரி இருக்கும் பக்கத்துக் கால்கள் மடங்குகின்றன. தொடவில்லை, குத்தவில்லை, தலையைத் திருப்பியதுதான். உடலைக் கிடத்தும் விதத்தை மாற்றினாலும் கால்களின் விறைப்பு மாறுகிறது. இவற்றையெல்லாம் தொகுத்து 1924இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நூலின் பெயரே உடலின் நிலை என்பதுதான்.

இதைக் காண நீங்கள் உட்ரெக்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இரண்டு மூன்று மாதக் குழந்தை இருந்தால், அது மல்லாந்து கிடக்கும்போது கவனியுங்கள். முகத்தை வலப்பக்கம் திருப்பினால் வலக்கை நீளும், இடக்கை மடங்கும். சிலம்பக்காரன் கம்பை நீட்டி நிற்கும் நிலை போல் இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் மூளை முதிர்ந்து இந்தப் பழைய பழக்கத்தை அடக்கிவிடுகிறது. அழிந்துபோவதில்லை, அடங்கிக் கிடக்கிறது என்று அக்கால அறிஞர்கள் கருதினர். மூளையில் அடிபட்டால் அடங்கியது மறுபடியும் தலைதூக்குமா?

தூக்குகிறது என்று 1923இல் எழுதியவர் இலண்டன் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ் வால்ஷ். ஒரு பக்கம் விழுந்த நோயாளிகளை அவர் பொறுமையாகக் கவனித்தார். நல்ல கையால் எதையாவது இறுகப் பிடிக்கும்போது விழுந்த கை தானாகவே மடங்குவதையும், தலை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த மடக்கம் மாறுவதையும் குறித்து வைத்தார். இன்னொன்றையும் அவர் கண்டார். நோயாளி கொட்டாவி விடும்போது, எவ்வளவு முயன்றும் அசையாத கை மெல்ல மேலே எழும்புகிறது! கொட்டாவி முடிந்ததும் கீழே விழுந்துவிடுகிறது. நம்மிடையே இதைப் பார்த்த குடும்பத்தார் "சாமி கண்ணைத் திறந்துவிட்டது" என்று கற்பூரம் ஏற்றுவதுண்டு. மறுநாள் நோயாளியிடம் "நேற்றுத் தூக்கினீர்களே, இன்று தூக்குங்கள்" என்று வற்புறுத்துவார்கள். அவரால் முடியாது. சோம்பல் என்று நினைத்துக் கடிந்துகொள்வார்கள். கொட்டாவிக்குக் கட்டளையிடும் இடம் வேறு, விருப்பத்துக்குக் கட்டளையிடும் இடம் வேறு. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் அநியாயமான கோபம் தவிர்ந்திருக்கும்.

ஏறத்தாழ அதே காலத்தில் சூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் மற்றொன்றைக் கண்டார். சில நோயாளிகளின் விழுந்த கையை, முழங்கை நீண்டிருக்கும்படி தோளுக்கு மேலாக உயர்த்திப் பிடித்தால், இறுகிக் கிடந்த விரல்கள் தாமாகவே விரிகின்றன. விரலைப் பிடித்துப் பிரிக்க முயன்றால் மேலும் இறுகும். தோளை மாற்றினால் விரல் தளரும். கையின் பூட்டுக்குச் சாவி தோளில் இருக்கிறது என்பது போன்ற இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது. ஆனால் நோயாளியின் கட்டிலை அது வந்தடையவில்லை. பெயர் சூட்டுவதும் ஏட்டில் எழுதுவதும் மருத்துவரின் வேலை, கிடப்பது நோயாளியின் விதி என்றே உலகம் இருந்தது.

இந்த நிலையை அசைத்தது இரண்டாம் உலகப் போர். நம் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களை வாரிக்கொண்டு போன அதே போர்தான். ஐரோப்பாவில் முதுகெலும்பில் குண்டடி பட்டுப் படுத்துவிட்ட இளைஞர்கள் மருத்துவமனைகளை நிறைத்தார்கள். அவர்களில் பலர் காயத்தால் சாகவில்லை. ஒரே கிடையில் கிடந்ததால் வந்த படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவானாலும் தவறக் கூடாது என்று விதித்தார். பல சமயம் அவரே இரவில் வந்து பார்த்தார். புண் வருவது குறைந்தது. கிடத்துவதும் ஒரு மருத்துவமே என்பதை உலகம் கண்ணால் கண்டது அங்கேதான் என்று சொல்லலாம்.

இந்த அறிவு தமிழ் மண்ணுக்கு வந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொச்சியில் பிறந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் ஓர் உல்லாசப் பயணத்தின்போது வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வேலூரில் அந்நாளில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து மீண்டும் விரிய வைத்துக்கொண்டிருந்தார். அந்த அறுவையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். ஆகவே மேரி வர்கீஸ் அதைக் கற்றுச் சக்கர நாற்காலியிலிருந்தே செய்யத் தொடங்கினார். ஆனால் அதற்கு முன் ஒன்று தேவைப்பட்டது. அவருடைய கைகளில் பழுது ஏதும் இல்லை, அறிவுக்கும் குறைவில்லை. உடல் நிமிர்ந்து உறுதியாக இருந்தால்தானே கை நுணுக்கமான வேலை செய்யும்? முதுகெலும்பை உறுதிப்படுத்தும் கடுமையான அறுவை சிகிச்சையைத் தாங்கிய பிறகே அவரால் நிலையாக உட்கார்ந்து கத்தியைப் பிடிக்க முடிந்தது.

பின்னர் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது, 1986இல் காலமானார். அவருக்கு வந்தது முதுகெலும்புக் காயம். நாம் பேசுவது மூளையில் வரும் வாதம். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், உடலின் நடுப்பகுதி உறுதியாக இல்லாமல் கை பயன்படாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி வாதத்துக்கே வருவோம். பெர்லினில் பிறந்த பெர்ட்டா என்ற உடற்பயிற்சி ஆசிரியை, ஹிட்லரின் யூத வெறுப்புக்குத் தப்பி இலண்டன் வந்து சேர்ந்தார். அதே போல் தப்பி வந்த காரல் போபாத் என்ற மருத்துவரை மணந்தார். 1940களில் சைமன் எல்விஸ் என்ற புகழ்பெற்ற ஓவியருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. அவருக்குச் சிகிச்சை செய்ய பெர்ட்டா அழைக்கப்பட்டார். விறைத்த கையை நேரடியாக இழுத்து நீட்டுவதுதான் அந்நாள் முறை. பெர்ட்டாவோ கையை விட்டுவிட்டு, தோள்பட்டையை முன்னே கொண்டு வந்தார். விலாவையும் இடுப்பையும் திருப்பினார். கிடக்கும் விதத்தை மாற்றினார். இறுகிய கை தளர்ந்தது! விறைப்பு என்பது மாறாத ஒன்று என்று அதுவரை கருதப்பட்டது. அது உடல் நிலைக்கேற்ப மாறக்கூடியது என்பதே அவர் கண்டது. அந்த ஓவியர் பிற்காலத்தில் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. கை தளர்வது வேறு, தூரிகை பிடிப்பது வேறு.

போபாத் தம்பதியர் இலண்டனில் 1951இல் ஒரு நிலையம் அமைத்தார்கள். கணவர் மாக்னுஸின் நூலை வைத்துக் காரணம் விளக்கினார்; மனைவி கையால் செய்து காட்டினார். மல்லாந்து கிடப்பதைக் குறையுங்கள் என்றார்கள். விழுந்த பக்கத்தின் மேல் படுக்க வைக்கலாம். ஆனால் உடலின் பாரம் தோள் முனையில் இறங்காதபடி தோள்பட்டையை முன்னே இழுத்துவிட்டு, கையை முன்புறம் நீட்டி வையுங்கள். நல்ல பக்கத்தின் மேல் படுக்க வைத்தால், விழுந்த கையை முன்னே தலையணையின் மேல் தாங்கி வையுங்கள். உள்ளங்கையில் துணியை உருட்டித் திணிக்காதீர்கள். அது மேலும் இறுகப் பிடிக்கவே தூண்டும். இவ்வாறான விதிகள் உலகெங்கும் மருத்துவமனைகளுக்குப் பரவின.

இதற்கு எதிரான ஒரு பள்ளியும் இருந்தது. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரோம் அம்மையார், "பழைய அனிச்சைகளை ஏன் அடக்க வேண்டும்? ஒன்றுமே அசையாத கைக்கு அதுவாவது அசைவு தருகிறதே, தலையைத் திருப்பியும் கையை உயர்த்தியும் அந்த அசைவை வரவழைத்து, பிறகு சீர்ப்படுத்தலாம்" என்ற கருத்துடையவர். இதற்கு அவருக்குத் துணையாக நின்றது டுவிட்செல் என்ற அமெரிக்கரின் ஆய்வு. அவர் 121 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, கை எப்படி மீள்கிறது என்பதை 1951இல் வரிசைப்படுத்திக் காட்டியிருந்தார். முதலில் துவண்டு கிடக்கும்; பின் விறைப்பு வரும்; தோளும் முழங்கையும் ஒன்றாக மடங்கும்; அதன் பிறகே நீளும்; விரல்கள் தனித்தனியாக அசைவது கடைசியில். எல்லாருக்கும் கடைசிப் படி வரை வந்துவிடுவதில்லை. போபாத்தின் நூலும் புருன்ஸ்ட்ரோமின் நூலும் ஒரே ஆண்டில், 1970இல், வெளிவந்தன. ஒருவர் அடக்கு என்றார், மற்றவர் எழுப்பு என்றார். ஆனால் விரலைச் சீராக்க விரலை மட்டும் பார்த்தால் போதாது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் பிற்காலத்தவர், "கண்ணால் கண்டோம் என்பது போதாது, ஒரு பிரிவுக்குச் செய்து, இன்னொரு பிரிவுக்குச் செய்யாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று கிளம்பினார்கள். அதில் பழைய நம்பிக்கைகள் பலவற்றுக்கு அடி விழுந்தது. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் அடாவும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தோளை வெளிப்புறமாகத் திருப்பிய நிலையில் நாள்தோறும் அரை மணி நேரம் வைத்திருந்தால் தோள் இறுகிப்போவது குறைகிறது என்று கண்டார்கள். வேறு சிலர் செய்தபோது அவ்வளவு பயன் தெரியவில்லை. 2017இல் வெளிவந்த ஒரு பேராய்வில் 9 நாடுகளைச் சேர்ந்த 11,093 நோயாளிகள் பங்கு கொண்டனர். முதல் நாளில் தலையைத் தாழ்த்திச் சமமாகப் படுக்க வைப்பதா, 30 பாகை உயர்த்தி வைப்பதா என்பதே கேள்வி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை.

இன்னொரு ஆய்வில் நம் மலேசிய நோயாளிகளும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய ஐந்து நாடுகளின் 56 பிரிவுகளில் 2,104 பேரை வைத்து நடந்தது. முடிவு 2015இல் வந்தது. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் எழுப்பி உட்காரவும் நிற்கவும் அடிக்கடி பயிற்சி கொடுத்தால் விரைவில் குணம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. அவ்வாறு செய்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் நல்ல நிலையை அடைந்தனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 பேர் அடைந்தனர். ஆகவே, அவசரப்பட்டு முதல் நாளே நோயாளியை அளவுக்கு மீறி எழுப்பி நடத்த வேண்டியதில்லை. கிடந்தே இருக்கட்டும் என்றும் இதற்குப் பொருளில்லை. மெல்ல, அளவாக என்பதே பொருள்.

அப்படியானால் உடல் நிலைக்கும் கைக்கும் உள்ள உறவு பொய்யா? பொய்யில்லை, அது இருக்கும் இடம்தான் சற்று மாறிவிட்டது. தலையணையை எங்கே வைத்தாலும் அது மட்டும் விரலுக்கு உயிர் தந்துவிடாது. ஆனால் கை முயற்சி செய்யும் நேரத்தில் உடல் எப்படி இருக்கிறது என்பது மிகவும் முக்கியம் என்று தெரிய வந்துள்ளது. கனடாவின் மொன்ட்ரியல் நகரில் மிண்டி லெவின் என்ற ஆய்வாளர், வாதத்திலிருந்து மீண்டு வருகிறவர்கள் எதிரே உள்ள ஒரு பொருளை எடுப்பதை உற்று நோக்கினார். அவர்கள் முழங்கையை நீட்டுவதில்லை. முதுகை வளைத்து உடலையே முன்னே தள்ளிக் கையைப் பொருளருகில் கொண்டு போகிறார்கள். காரியம் நடந்துவிடுகிறது, ஆனால் முழங்கையும் தோளும் வேலை பழகாமலே நின்றுவிடுகின்றன. முதுகு நாற்காலியை விட்டு வராதபடி பட்டையால் கட்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தபோது, கை தானே நீளப் பழகியது. அவருடைய குழு இந்த முடிவை 2006இல் வெளியிட்டது.

பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பயிற்சி கொடுப்பவருக்கு இது வியப்பாக இராது. கால் தரையில் எட்டாமல் பெஞ்சில் தொங்கிக்கொண்டு எழுதும் குழந்தையின் எழுத்து கோணலாகத்தான் வரும். "கையைச் சரியாகப் பிடி" என்று நூறு முறை சொல்வதை விட, காலுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டால் எழுத்து நேராகும். பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுத்த நாளில் ஏதோ ஒழுங்குக்கான விதி என்றே நினைத்தோம். பால் வெட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். உளியைப் பிடிப்பது விரல்கள். ஆனால் மரத்தைச் சுற்றி வரும்போது காலும் இடுப்பும் தோளும் நகராவிட்டால் கோடு நேராக விழுமா?

கை மீள்வதற்கு இன்னொரு தடையும் உண்டு. அது பயன்படுத்தாமை. நல்ல கையே எல்லாவற்றையும் செய்துவிடுவதால் விழுந்த கை மறந்தே போகிறது. அமெரிக்காவின் எட்வர்ட் டாப் இதை முதலில் குரங்குகளிடம் கண்டார். நல்ல கைக்கு உறை மாட்டி இரண்டு வாரம் கட்டாயமாக விழுந்த கையைப் பயன்படுத்த வைக்கும் முறையை அவர் உருவாக்கினார். 222 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு 2006இல் பயன் உறுதியானது. அவர்கள் நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதம் கடந்தவர்கள். ஆனால் மணிக்கட்டும் விரலும் சிறிதாவது அசையக் கூடியவர்களுக்கே அது பொருந்தும். ஒன்றுமே அசையாதவர்களுக்கு? அங்கேதான் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மவர் வி. எஸ். இராமச்சந்திரனின் கண்ணாடி வருகிறது. கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் எழும் வலியைத் தணிக்க அவர் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அவரும் ஆல்ட்சுலர் முதலிய தோழர்களும் 1999இல் 9 வாத நோயாளிகளிடம் அதையே செய்து பார்த்தார்கள். மேசை முன் நேராக அமர்ந்து, மார்புக்கு நேரே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். விழுந்த கையே அசைவதுபோல் மூளைக்குத் தோன்றும். பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் இது கைக்கு ஓரளவு துணை செய்கிறது என்று தெரிந்தது. செலவு ஒரு கண்ணாடிதான்.

இவ்வளவு கேட்டபின், வீட்டிலிருக்கும் ஒரு தாயார், "எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் கிடக்கிறாரே, நான் என்ன செய்வது?" என்று கேட்கலாம். வரலாறு கடைசியாகக் கொண்டு சேர்த்த இடம் தோள்தான். மேற்கை எலும்பு ஆழமான குழியில் பொருந்தியிருக்கவில்லை. தசைகளே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு கையின் எடை உடலின் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. தசை துவண்டிருக்கும்போது அந்த 3 கிலோ நாள் முழுதும் தொங்கினால் எலும்பு குழியை விட்டுக் கீழிறங்கும். தோளில் விரல் புகும் அளவுக்கு இடைவெளி தெரியும். பின் வலி வரும். வலி வந்தவர் கையை யாரையும் தொட விடமாட்டார்; பயிற்சி நின்றுபோகும்; கை இறுகும். இதற்குத்தான் தலையணை. உட்கார்ந்திருக்கும்போது பாதம் இரண்டும் தரையில் படிய, இடுப்பு நாற்காலியின் பின்புறம் ஒட்ட, கை எதிரே மேசை மேலோ மடித் தலையணை மேலோ தாங்கியிருக்கட்டும். எழுப்பும்போது கையைப் பிடித்தும் அக்குளில் கை கொடுத்தும் இழுக்கக் கூடாது. கட்டில் சுவரோரம் இருந்தால், விழுந்த பக்கம் சுவரைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். பேச வருகிறவர்கள் அந்தப் பக்கமாக வரட்டும். அப்பக்கத்தையே மறந்துவிடும் நோயாளிகள் உண்டு.

நம் கெலாங் பாத்தாவுக்கு உடைந்த வளையல் என்று பொருள். இங்கிருந்து ஜொகூர் பாருவுக்குப் போவது முன்போல் அரைநாள் பயணம் அல்ல. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களிலிருந்து குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டன. சொக்சோ சந்தா கட்டியவர்களுக்கு மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு நிலையம் உண்டு. நோயிலிருந்து மீண்ட ஜேனட் இயோ என்ற அம்மையார் 1996இல் தொடங்கிய தேசிய வாத நோயாளர் சங்கமான நாசாம் இருக்கிறது. மருத்துவமனையின் பிசியோதெரபிப் பகுதிக்கு நோயாளியை முதல் முறை அழைத்துப் போகும்போது, வீட்டில் அவரைத் தூக்கி உட்கார வைப்பவர் யாரோ, மனைவியோ மருமகளோ மூத்த மகனோ, அவரும் கூடவே போங்கள். உங்கள் கட்டிலின் உயரத்தைச் சொல்லுங்கள், வீட்டில் எத்தனை தலையணை இருக்கிறது என்று சொல்லுங்கள். அவற்றை வைத்து எப்படிப் படுக்க வைப்பது, எப்படித் திருப்புவது என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லி, உங்கள் கையால் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.